மூன்றாம் ஆண்டு உயிரியல்: லேபைப் பார்த்துப் பாடத்தை எடுங்கள்

"இளநிலை உயிரியலில் இரண்டு ஆண்டு முடித்துவிட்டேன். அடுத்து மரபியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், உடலியங்கியல், சூழலியல் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சிலவற்றோடு லேப் சேர்ந்து வருகிறது, சிலவற்றில் வகுப்பு மட்டும். லேப் உள்ளதை எடுத்தால் வாரம் முழுக்க அதிலேயே போய்விடும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். மேல்நிலை லேப் அவ்வளவு வேறா? எதை எடுப்பது?" இதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், லேபைப் பார்த்துப் பாடத்தை எடுங்கள். வகுப்பில் சொல்வதைப் புத்தகத்தில் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஒரு சோதனை சொதப்பும்போது எங்கே சொதப்பியது என்று தேடிப் பிடிக்கும் பழக்கம் புத்தகத்தில் வராது. அதற்குக் கருவி வேண்டும், வீணாக்கக் கொஞ்சம் ரசாயனம் வேண்டும், பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது படிக்கும் காலத்தில்தான்.

முதலாண்டு லேப் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வெங்காயத் தோலை உரித்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்திருப்பீர்கள். என்ன தெரிய வேண்டும் என்பது கையேட்டில் முன்பே அச்சாகியிருந்தது. தெரியவில்லை என்றால் பக்கத்து மேசையில் எட்டிப் பார்த்து வரைந்தீர்கள். எல்லோரும் செய்ததுதான், நானும் செய்தேன். மேல்நிலை லேபில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பக்கத்து மேசைக்காரருக்கும் ஒன்றும் வந்திருக்காது. நாலு மணி நேரம் நின்று செய்துவிட்டு ஜெல்லை (டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்ப்பலகை) விளக்கில் வைத்துப் பார்த்தால் வெறும் இருட்டு. அப்போது ஆசிரியர் கேட்பது ஒரே கேள்வி: "ஏன் வரவில்லை?" அதற்குப் பதில் சொல்லத் தெரிகிறதா என்பதில்தான் பாதி மதிப்பெண் இருக்கிறது.

திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாதித் தவறுகள் அங்கேதான். மைக்ரோபைப்பெட்டின் சின்ன சன்னலில் மூன்று எண்கள் தெரியும். பி-20 பைப்பெட்டில் 1-0-0 என்று இருந்தால் அது 10 மைக்ரோலிட்டர். பி-200இல் அதே 1-0-0 என்றால் 100. பி-1000இல் 1000. எண் ஒன்றுதான், அளவு நூறு மடங்கு வரை மாறுகிறது. அப்புறம் அந்த இரண்டு நிறுத்தங்கள்: கட்டைவிரலால் அழுத்தும்போது முதலில் ஒரு தடை வரும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது தடை. முதல் தடை வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போது மட்டும் இரண்டாவது வரை போக வேண்டும். உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்துபவர் ஒவ்வொரு முறையும் அதிகம் எடுக்கிறார், அது அவருக்குத் தெரிவதும் இல்லை.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். தராசில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விட்டு, ஒவ்வொரு முறையும் எடையைக் குறியுங்கள். 0.100 கிராமை ஒட்டியே பத்தும் வந்தால் கையும் பைப்பெட்டும் சரி. பத்தும் 0.108 என்று ஒரே மாதிரி வந்தால் பைப்பெட்டையோ அழுத்தும் முறையையோ சந்தேகிக்க வேண்டும். ஒன்று 0.092, இன்னொன்று 0.107 என்று சிதறினால் அது உங்கள் கை. முழுதாக இருபது நிமிட வேலை இது. ஒரு பருவம் முழுவதையும் காப்பாற்றும்.

மூலக்கூறு உயிரியல் லேபில் நீங்கள் கட்டாயம் சந்திக்கப்போவது பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்கும் முறை. கேரி மல்லிஸ் 1983இல் யோசித்தது, அவருக்கு 1993இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஒரு சுற்றில் டி.என்.ஏ. இரண்டாகும், அடுத்ததில் நான்காகும். முப்பது சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரே ஒரு மூலக்கூறு சுமார் 107 கோடியாகிவிடும். வகுப்பில் இந்த எண்ணைக் கேட்டுவிட்டு "அடேயப்பா" என்று கடந்துபோவோம். லேபில்தான் அதன் மறுபக்கம் புரியும். ஒரே ஒரு மூலக்கூறு தவறான குழாயில் விழுந்தாலும் அதுவும் பெருகும். உங்கள் கைத்தோலில் இருந்தோ, போன வாரம் இதே மேசையில் திறந்த குழாயில் இருந்தோ, மாற்ற மறந்த ஒரு டிப்பில் (பைப்பெட்டின் நுனியில் மாட்டும் குழல்) இருந்தோ வரலாம்.

இதற்காகத்தான் ஒரு குழாயில் டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் போட்டு ஓட்டச் சொல்கிறார்கள். அதில் எதுவும் வரக்கூடாது. மாணவர்கள் இந்தத் தண்ணீர்க் குழாயை ஒரு சடங்காக நினைக்கிறார்கள், குழாய் போதவில்லை என்றால் முதலில் விடுவது அதைத்தான். என் கணக்கில் அந்த வரிசையிலேயே முக்கியமான குழாய் அது. தண்ணீர்க் குழாயில் பேண்டு (ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. கோடு) வந்துவிட்டால், மற்ற குழாய்களில் வந்த அழகான பேண்டுகளுக்கும் மதிப்பில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: கட்டாயம் வேலை செய்யும் என்று முன்பே தெரிந்த டி.என்.ஏ. போட்ட குழாய். அதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் மாதிரியில் இல்லை, கலவையிலோ இயந்திரத்திலோ இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் ஓட்டிய ஜெல்லைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஜெல் என்றதும் என் சொந்தக் கூத்து ஒன்று. முதன்முதலாகத் தனியாக ஓட்டியபோது கருப்பு வயரையும் சிவப்பு வயரையும் மாற்றிச் செருகிவிட்டேன். டி.என்.ஏ. எதிர்மின் சுமை கொண்டது, நேர்முனையை நோக்கி ஓடும். மாதிரியை விடும் குழிகள் எதிர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். நான் மாட்டியிருந்த லட்சணத்தில் மாதிரி ஜெல்லின் நீளவாட்டில் இறங்காமல் பின்பக்கமாக வெளியேறி, ஜெல் மூழ்கியிருக்கும் பஃபர் கரைசலில் கரைந்துவிட்டது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மாதிரியோடு கலந்திருந்த நீலச் சாயத்தையே காணவில்லை. அன்றிலிருந்து, மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று சாயம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். சாயம் நகரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் குமிழிகளைப் பாருங்கள். எதிர்முனையில் ஹைட்ரஜன் வருகிறது, நேர்முனையில் ஆக்சிஜன். ஹைட்ரஜன் இரண்டு மடங்கு வருவதால், அதிகம் குமிழி விடும் கம்பிதான் எதிர்முனை. குழிகள் அந்தப் பக்கம் இருந்தால் நிம்மதி.

இன்னொரு சோதனையைச் சொல்கிறேன், எளிதாகத் தெரியும், ஆனால் நிறையக் கற்றுத்தரும். லாம்டா என்ற வைரஸின் டி.என்.ஏ. 48,502 கார இணை நீளம். அதை ஹின்ட்-3 என்ற நொதியால் வெட்டினால் எட்டுத் துண்டுகள்: 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். ஆனால் ஜெல்லில் எட்டுக் கோடு எண்ணியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ஆறுதான் தெளிவாகத் தெரியும். "நொதி சரியாக வெட்டவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள், அது தவறு. ஜெல்லில் டி.என்.ஏ.வைக் காட்டும் சாயம் அதன் எடைக்கு ஏற்ப ஒளிர்கிறது. மொத்தம் 500 நானோகிராம் ஏற்றினால், 125 நீளத் துண்டின் பங்கு சுமார் 1.3 நானோகிராம்தான். அது இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை, அல்லது ஜெல்லின் அடியைத் தாண்டிப் போய்விட்டது.

அதைவிட சுவாரசியமான ஒன்று 4,361இன் நடத்தை. சில ஜெல்களில் அது எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருக்கும். லாம்டா டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஒற்றை இழைத் தொங்கல்கள் உண்டு. ஒரு முனைத் துண்டு 23,130, மறுமுனைத் துண்டு 4,361. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 4,361 தன் இடத்தில் குறைந்துபோய், மேலே பெரிய துண்டோடு சேர்ந்து ஓடும். ஏற்றுவதற்கு முன் 65 டிகிரியில் சில நிமிடம் வைத்து, உடனே ஐஸில் வைத்தால் பிரிந்துவிடும். இதை ஒரு மாணவர் தானாகவே யோசித்து, சூடாக்கியதையும் சூடாக்காததையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓட்டினார் என்றால், அந்த ஒரு ஜெல்லுக்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

சரி, மரபியல். பழ ஈ லேப் என்றாலே பலர் முகம் சுளிப்பார்கள்: வாசனை, தப்பிப் பறக்கும் ஈக்கள், சனிக்கிழமை வருகை. எல்லாம் உண்மைதான். 25 டிகிரியில் முட்டை ஈயாக ஏறத்தாழ 10 நாள் ஆகும். இரண்டு தலைமுறை பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். ஈ உங்கள் கால அட்டவணையைப் பார்த்துப் பிறக்காது. இருந்தாலும், ஒரே ஒரு மேல்நிலை லேப்தான் எடுக்க முடியும் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஏன் என்று காட்டுகிறேன். வெள்ளைக்கண் பெண் ஈயையும் சிவப்புக்கண் ஆண் ஈயையும் சேர்க்கிறீர்கள். 1910இல் தாமஸ் ஹன்ட் மார்கன் எழுதிய அந்த வெள்ளைக்கண் மரபணுதான், எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. அடுத்த தலைமுறையில் பெண்கள் எல்லாம் சிவப்பு, ஆண்கள் எல்லாம் வெள்ளை என்று வர வேண்டும். புட்டியைத் திறந்து, மயக்கம் கொடுத்து, தூரிகையால் ஒதுக்கி எண்ணுகிறீர்கள். 150 ஈக்களில் 12 வெள்ளைக்கண் பெண்கள். வரவே கூடாதவை.

முதல் சந்தேகம், தாய் கன்னியாக இல்லை. பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்து சுமார் எட்டு மணி நேரம் இணையாது, அதற்குள் பிரித்தெடுக்க வேண்டும். காலையில் புட்டியைக் காலி செய்துவிட்டு, எட்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, வெளிறிய உடலும் வயிற்றில் கரும்புள்ளியும் உள்ள புதிய பெண்களைப் பொறுக்க வேண்டும். ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பத்து மணி நேரம் கழித்து வந்திருப்பார். தாய் தன் புட்டியிலேயே இருந்த வெள்ளைக்கண் ஆணோடு ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதன் பிள்ளைகளில் பெண்ணும் வெள்ளைதான். 150க்கு 12 என்ற அளவுக்கு அதுவே பொருத்தமான விளக்கம்.

வெள்ளைப் பெண் இல்லாமல் ஒரே ஒரு சிவப்புக்கண் ஆண் மட்டும் இருந்தால்? இதற்குக் கன்னி விளக்கம் உதவாது. அப்போது கேட்க வேண்டியது, அப்பாவை வெளியே எடுத்தீர்களா என்று. பெற்றோரை ஒரு வாரத்தில் அகற்ற வேண்டும். மறந்துவிட்டால் அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணப்பட்டுவிடுவார். நிச்சயமாக அகற்றிவிட்டோம் என்றால், மிக அரிதாக நடக்கும் இன்னொன்று இருக்கிறது: தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் போவது. அப்போது எக்ஸே இல்லாத முட்டையில் அப்பாவின் சிவப்பு எக்ஸ் சேர்ந்து ஆண் பிறக்கும். மார்கனின் மாணவர் கால்வின் பிரிட்ஜஸ் 1916இல் இப்படிப்பட்ட விதிவிலக்கு ஈக்களை வைத்துத்தான் மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் தந்தார். அந்த வகைச் சிவப்பு ஆணுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது, மலடு. கன்னிப் பெண்களோடு சேர்த்துப் பாருங்கள், பிள்ளை பிறந்தால் அவர் அப்பாதான். ஒரு தப்பான ஈ, மூன்று விளக்கம், ஒவ்வொன்றையும் பிரித்தறிய ஒரு வழி. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிச் சொல்லிவிடலாம். உங்கள் கையிலிருக்கும் தூரிகையின் நுனியில் அந்த ஈ கிடக்கும்போது மண்டையில் இறங்குவது வேறு மாதிரி.

அப்புறம் கணக்கு. இரண்டாம் தலைமுறையில் நான்கு வகையும் சமமாக வர வேண்டும். 200 ஈக்களில் சிவப்புப் பெண் 58, வெள்ளைப் பெண் 44, சிவப்பு ஆண் 55, வெள்ளை ஆண் 43 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு ஒவ்வொன்றும் 50. வித்தியாசங்களின் வர்க்கம் 64, 36, 25, 49. கூட்டி 50ஆல் வகுத்தால் 3.48. இது கை-வர்க்கச் சோதனை: நான்கு வகை என்றால் மூன்று சுதந்திர அலகு, அதற்கு 5 சதவீத எல்லை 7.81. எல்லைக்குள்தான் இருக்கிறது. உடனே "மார்கன் சொன்னது நிரூபணமானது" என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. சமம் என்ற கருத்தை மறுக்க இந்த 200 ஈ போதவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். வெள்ளைக்கண் இரண்டும் 50க்குக் கீழே இருப்பதைக் கவனித்தவர், வெள்ளைக்கண் ஈக்கள் குறைவாகப் பிழைக்கின்றனவோ என்று கேட்டு, வகுப்பு முழுவதன் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பார். அவர் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

நுண்ணுயிரியல் லேப் எனக்குப் பிடித்த இன்னொன்று, காரணம் அங்கே தப்பு கண்ணுக்கு முன்னால் வளர்ந்து நிற்கும். தொடர் நீர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டரை ஒன்பது மில்லிலிட்டரில் கலக்கினால் பத்தில் ஒன்று. இப்படி ஆறு முறை செய்தால் பத்து லட்சத்தில் ஒன்று. அதில் 0.1 மில்லிலிட்டரைப் பாக்டீரியா வளரும் பிளேட்டில் பரப்பி, மறுநாள் 84 காலனிகள் (ஒரு செல்லிலிருந்து வளர்ந்த புள்ளிகள்) எண்ணினால், மூலக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 84 கோடி. எண்ணுவதற்கு ஏற்றது 30 முதல் 300 வரை (25 முதல் 250 என்றும் சில கையேடுகள் வைத்திருக்கும்). மாணவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு படி முன்னால் உள்ள பிளேட்டையும் எண்ணிப் பாருங்கள், தலை சுற்றினாலும் பரவாயில்லை. அங்கே 840ஐ ஒட்டி இருக்க வேண்டும். 300தான் இருக்கிறது என்றால் எங்கோ கலக்காமல் எடுத்திருக்கிறீர்கள், அல்லது டிப் மாற்றாமல் முந்தைய குழாயின் செல்களைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். பிளேட்டுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும்.

பாக்டீரியாக்களை ஊதா, சிவப்பு என்று இரு வகையாகப் பிரித்துக்காட்டும் கிராம் சாயமும் அப்படித்தான். 1884இல் வெளிவந்த முறை, நான்கே படிகள், ஆனால் ஆல்கஹால் ஊற்றும் அந்தச் சில வினாடிகளில் எல்லாமே கெடலாம். அதிக நேரம் விட்டால் ஊதா நிறத்தில் நிற்க வேண்டியதும் வெளுத்து இளஞ்சிவப்பாகும். பழைய வளர்ப்பிலிருந்து எடுத்தாலும் அதே கதை. ஆகவே உங்கள் அடையாளம் தெரியாத பாக்டீரியாவுக்குப் பக்கத்தில், அதே சிலைடில், விடை தெரிந்த இரண்டையும் வைத்துச் சாயம் போடுங்கள்: ஊதாவாக வர வேண்டிய ஸ்டெஃபிலோகாக்கஸ், சிவப்பாக வர வேண்டிய ஈ-கோலை. அவை இரண்டும் சரியாக வந்த பிறகு நடுவில் இருப்பதைப் பேசலாம். தண்ணீர்க் குழாய் செய்த அதே வேலைதான் இது, உடை மட்டும் வேறு.

உயிர்வேதியியலில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு ஒன்றே ஒன்று. புரத அளவைக் கண்டுபிடிக்க 1976இல் வந்த பிராட்ஃபோர்டு முறை, 595 நானோமீட்டரில் அளப்பது. அளவு தெரிந்த புரதங்களை வைத்து ஒரு வளைவு வரைந்து, தெரியாததை அதில் பொருத்துவார்கள். தெரியாத மாதிரியின் அளவீடு வளைவின் உச்சியைத் தாண்டிப் போய்விடும். மாணவர் ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டிவிடுவார். அந்த உயரத்தில் கோடு நேராகப் போவதில்லை, வளைந்து படுத்துவிடுகிறது. மாதிரியை நீர்த்து மறுபடி அளக்க வேண்டும், பிறகு நீர்த்த மடங்கால் பெருக்க மறக்கக்கூடாது. இந்த லேபை மூலக்கூறு உயிரியலுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பஃபர் தயாரிப்பதும் செறிவுக் கணக்கும் இங்கேதான் கைக்கு வரும்.

உடலியங்கியல் லேப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இப்போது பெரும்பாலும் உங்கள் உடம்பே கருவி: இதய மின்வரைவு, மூச்சுக் கொள்ளளவு, தசைச் சோர்வு. விலங்குகளைக் குறைக்க வேண்டும், முடிந்தால் மாற்று காண வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும் என்று 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று நெறிகள் நடைமுறைக்கு வந்ததன் விளைவு இது. மருத்துவம் சார்ந்து போகிறவர்களுக்குப் பயன்படும். கணினியில் ஓடும் பாவனைச் சோதனைகள் மட்டுமே இருக்கும் லேப் என்றால் யோசியுங்கள், அதில் எதுவும் சொதப்பாது, அதுதான் குறை.

சூழலியலை "ஊர் சுற்றும் பாடம்" என்று எடுப்பவர்கள் உண்டு. நடப்பது உண்மைதான், ஆனால் புள்ளியியல் கடுமையாக மோதும் இடமும் அதுவே. 40 விலங்குகளைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறீர்கள். அடுத்த முறை 50 பிடித்ததில் 10இல் குறி இருக்கிறது. 40ஐ 50ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் மொத்தம் 200. கணக்கு ஐந்தாம் வகுப்பு. குறி உதிர்ந்ததா, ஒருமுறை மாட்டியது கண்ணியைக் கண்டு ஒதுங்கிப் போகிறதா, இடையில் புதிதாக வந்தவை எத்தனை என்பதுதான் பாடம். குறிபட்டவை கண்ணியைத் தவிர்த்தால் 10க்குப் பதில் 5 வரும், தொகை 400 ஆகிவிடும், காட்டில் ஒரு விலங்குகூடக் கூடியிருக்காது.

அதேபோல் உள்ளே இருக்கும் செடிகளை எண்ண வைக்கும் சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால் அது சமவாய்ப்பு என்று நினைக்கிறார்கள். கை எட்டும் தூரத்தில்தான் விழும், முள்புதர்ப் பக்கம் யாரும் எறிய மாட்டார்கள். எண் அட்டவணையிலிருந்து தூரத்தை எடுத்து அளந்து வையுங்கள். அப்புறம், உரம் போட்ட ஒரே தொட்டியில் 20 செடி, போடாத ஒரே தொட்டியில் 20 செடி என்றால் மாதிரி அளவு 20 இல்லை, பக்கத்துக்கு ஒன்றுதான். தொட்டிக்குத்தான் உரம் போட்டீர்கள். ஹர்ல்பெர்ட் 1984இல் இதற்குப் போலி மறுபதிவு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து விளாசினார். இன்றும் மாணவர் அறிக்கைகளில் வாரம் ஒன்று கிடைக்கும்.

இவை எல்லாமே விடை யாருக்கோ தெரிந்த சோதனைகள். யாருக்குமே விடை தெரியாத சோதனைகளைப் பாடமாக வைப்பதும் இப்போது பரவி வருகிறது. மண்ணைத் தோண்டி, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபாஜ் வைரஸ்களைப் பிரித்து, பெயர் வைத்து, மரபணுத் தொகுதியைப் படிக்கும் சீ-ஃபாஜஸ் என்ற திட்டம் 2008இல் அமெரிக்காவில் தொடங்கியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் அதற்கு முக்கியமானவர். மாணவர்கள் திரட்டிய அந்தத் தொகுப்பில் மட்டி (Muddy) என்ற ஃபாஜ் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2010இல் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்தது. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின், மருந்துக்கு அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்றோடு லண்டனில் இருந்த ஒரு 15 வயதுப் பெண்ணுக்கு மூன்று ஃபாஜ்களின் கலவையைக் கொடுத்தார்கள். மற்ற இரண்டிலும் மரபணு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது, மட்டி இருந்தபடியே வேலை செய்தது. அவர் உடல்நிலை தேறியது 2019இல் ஆய்விதழில் வெளிவந்தது. எல்லா மாணவர் ஃபாஜும் இப்படி ஆகாது, பெரும்பாலானவை குளிர்பெட்டியில்தான் கிடக்கும். ஆனால் உங்கள் கல்லூரியில் இந்த மாதிரி ஆய்வு சார்ந்த லேப் ஒன்று இருந்தால், வழக்கமான இரண்டு லேபை விட்டுவிட்டுக்கூட அதை எடுக்கலாம்.

இனி நேரமும் மதிப்பெண்ணும். சீனியர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அட்டவணையில் நாலு மணி நேரம் என்று போட்டிருக்கும் லேப், முன்தயாரிப்பு, மறுநாள் பிளேட் பார்ப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் சேர்ந்து சுலபமாக எட்டு மணி நேரம் தின்னும். ஒரு பருவத்தில் இரண்டு லேப், அதற்கு மேல் வேண்டாம். வளர்ப்பைப் பார்க்க மறுநாளும் வரச் சொல்லும் இரண்டு லேபுகளை, அதாவது ஈயையும் பாக்டீரியாவையும், ஒரே பருவத்தில் சேர்க்காதீர்கள். புள்ளியியல் படித்துவிட்டு மரபியலுக்கும் சூழலியலுக்கும் போனால் பாதி பாரம் குறையும். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, முதல் வாரத்திலேயே மதிப்பிடும் முறையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வராத ஜெல்லுக்கு நல்ல விளக்கம் எழுதினால் மதிப்பெண் உண்டா என்று நேராகவே கேட்கலாம். "இல்லை, முடிவு வந்தால்தான்" என்று பதில் வந்தால், அது மேல்நிலை என்ற பெயரில் நடக்கும் முதலாண்டு லேப்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒன்று. வீட்டுக்குப் போய் அழகாக எழுதலாம் என்று துண்டுச் சீட்டில் குறிக்காதீர்கள். நேரடியாக நோட்டில், பேனாவில், நடக்கும்போதே. தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். "10.40க்கு 37 டிகிரியில் வைத்தேன், 11.25க்கு எடுத்தேன், 30 நிமிடம் என்றிருந்தது, மறந்துவிட்டேன்" என்ற வரி அசிங்கமாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஏன் என்று தேடும்போது உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த வரிதான்.

உங்கள் பட்டியலுக்கு என் யோசனை: இந்தப் பருவம் மரபியலை லேபோடும் உயிர்வேதியியலை லேபோடும் எடுங்கள், உடலியங்கியலை வகுப்பாக மட்டும். அடுத்த பருவம் நுண்ணுயிரியலோ மூலக்கூறு உயிரியலோ ஒன்று, கூடவே சூழலியல். பதிவு செய்வதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்த லேப் நடக்கும் நேரத்தில் போய்க் கதவருகே ஐந்து நிமிடம் நின்று, ஒரு மேசைக்கு எத்தனை பேர், எத்தனை பைப்பெட் என்று எண்ணுங்கள். நாலு பேருக்கு ஒரு பைப்பெட் என்றால் மூன்று பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு பிரிவு நேரம் இருந்தால் அதில் சேருங்கள், இல்லையென்றால் முதல் நாளே பைப்பெட்டைக் கையில் எடுக்கும் ஆளாக நீங்கள் இருங்கள்.